பன்னிரண்டில் நின்ற ஜேர்மன் மணிக்கூடு

காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு. என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்த பிறகு எங்கள் சண்டிலிப்பாய் வீட்டில் சமையல், குளிப்பு, கோயில் எல்லாம் இந்த நான்கு நேரங்களைச் சுற்றித்தான். மருந்துக் குளிசை பிந்தினால் அவருடைய உடம்பு மரக்கட்டைபோல இறுகிவிடும். கூடிப்போனால் அதைவிட மோசம். ஒருமுறை போட்டதை மறந்து இரண்டாம் தரமும் போட்டுவிட்டார். கையும் தலையும் தன்பாட்டில் ஆட, சுவரோரம் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பின்னேரத்தை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

ஜேர்மனியில் இருக்கும் அவருடைய தம்பிக்கு இதைப் போனில் சொல்லியிருந்தேன். போன வருட விடுமுறையில் வந்தவர் ஒரு பெரிய சுவர் மணிக்கூடு கொண்டுவந்தார்.

"அண்ணை, இது ஒரு செக்கன்கூடப் பிழைக்காது. அங்கை ஒரு கோபுரத்திலையிருந்து வானொலி அலையிலை நேரம் அனுப்புவினம். அதைப் பிடிச்சுத் தானாத் திருத்திக்கொள்ளும்."

பற்றறியைப் போட்டதும் முட்கள் விர்ரென்று சுற்றத் தொடங்கின. என் கணவர் கதிரையின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சாரும், நல்லாப் பிடிச்சுக்கொள்ளும். எங்கையோ போறம். எந்த வருஷத்திலை இறங்கப்போறீர்?"

"கலியாணத்துக்கு முதல்நாள் இறக்கிவிடுங்கோ. ஒருக்கா யோசிச்சுப் பாக்கவேணும்" என்றேன்.

முட்கள் பன்னிரண்டில் வந்து நின்றன. ஓர் அலையும் வரவில்லை. தம்பி அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார், கிணற்றடிக்குப் போனார், கடைசியில் ஏணி வைத்து மொட்டைமாடிக்கும் ஏறினார். இரண்டு நாட்கள் இப்படிப் போயின. கோபுரத்தின் அலை இவ்வளவு தூரம் எட்டாது என்பதைப் பிறகு போனில் தேடி வாசித்துவிட்டு, முகம் சுருங்கிப்போய் இருந்தார்.

"வந்தாலும் அது ஜேர்மனி நேரமல்லோடாப்பா காட்டும்?" என்றார் என் கணவர். "என்ரை பத்துமணிக் குளிசையை மத்தியானம் ஒண்டரைக்கு விழுங்கச் சொல்லுறியோ?"

தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்புறத்து முடுக்கியைத் திருப்பிக் கையால் நேரம் வைத்து, கூடத்தில் அவருடைய கதிரைக்கு நேரே மாட்டிவிட்டுப் போனார். பழைய மணிக்கூட்டைக் கழற்றிவிட்டோம். புதிதும் மற்ற மணிக்கூடுகளைப்போல ஒழுங்காக ஓடியது. இலக்கங்கள் பெரிதாக இருந்ததால் கண்ணாடி இல்லாமலே அவரால் பார்க்கமுடிந்தது.

மாதத்தில் ஒரு நாள் அவருடைய மருந்தெடுக்க நான் யாழ்ப்பாணம் போகவேண்டும். மணிக்கூடு வந்து பல மாதம் கழித்து அப்படியொரு நாள், வழக்கம்போல இரண்டு சிறிய மூடிகளில் பத்துமணிக் குளிசையையும் இரண்டுமணிக் குளிசையையும் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டு ஒன்பதே காலுக்குப் புறப்பட்டேன். கிளினிக்கில் சனம் நிரம்பியிருந்தது. மருந்து கைக்கு வரும்போது ஒன்றரை தாண்டிவிட்டது. பஸ்ஸில் ஏறி இருந்துகொண்டு, இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

குளியலறையில் இருப்பார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தேன். இல்லை. பக்கத்து வீட்டுக்கு எடுத்தேன். அவர்கள் வட்டுக்கோட்டையில் ஒரு கலியாண வீட்டில் நின்றார்கள். ஆனைக்கோட்டை தாண்டியதும் பஸ்ஸின் ரயர் காற்றுப்போனது. எல்லோரும் இறங்கி நிழல் தேடினார்கள். நான் மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுறோட்டில் நின்று வந்த ஓட்டோவை எல்லாம் மறித்தேன். விழுந்திருப்பாரோ? விழுந்தாலும் கூப்பிடக் குரல் வராதே. மூன்றாவது ஓட்டோ நின்றது.

"கொஞ்சம் கெதியாப் போங்கோ தம்பி."

"என்னம்மா, ஆருக்கும் சுகமில்லையோ?"

நான் மறுபடியும் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தேன். கதிரையில்தான் இருந்தார். தலை தொங்கி நாடி நெஞ்சில் முட்ட, வாயோரம் எச்சில் வடிய, கண்கள் மட்டும் என்னை நோக்கித் திரும்பின. இரண்டாவது மூடியில் குளிசை அப்படியே இருந்தது.

"ஏன் போடேல்லை? ஏன் போடேல்லை?" என்று கத்திவிட்டேன்.

நூல்போல ஒரு குரல் வந்தது. "இன்னும்… பன்ரண்டு."

மூளையிலும் ஏதோ பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். என் கைக்கடிகாரத்தில் மூன்றேகால். பிறகுதான் சுவரைப் பார்த்தேன். மூன்று முட்களும் பன்னிரண்டில் ஒன்றாய் நின்றன. பற்றறி இறங்கியிருந்தது. இறங்கினால் அந்த மணிக்கூடு முட்களைப் பன்னிரண்டுக்கு ஓட்டி நிறுத்திவிடுமாம், பின்னர் அறிந்தேன்.

குளிசையை நாக்கில் வைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் பருக்கினேன். அவருடைய கைகளைத் தேய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். அரை மணித்தியாலம் போனது. விரல்கள் இளகவில்லை. இனி இளகாது என்று மனம் அடித்துக்கொண்டது. மேலும் ஒரு பத்து நிமிடம் போன பிறகு பெருவிரல் மெல்ல அசைந்தது. கொஞ்ச நேரத்தில் நாடியைத் தூக்கினார்.

"பத்துமணிக் குளிசை போட்டுக் கொஞ்சத்தாலை முள்ளெல்லாம் ஓடத் தொடங்கிச்சுது" என்றார். "ஆரும் இல்லாமலே சிரிச்சன். பிறகு நிண்டிட்டுது. பழுதெண்டு விளங்கிச்சுது. ஆனா எத்தினை மணியெண்டு எப்பிடித் தெரியும்? அறுபது அறுபதா எண்ணிப் பாத்தன். இடையிலை விட்டுப்போச்சு."

"ஒரு குத்துமதிப்பாப் போட்டிருக்கலாமே."

"ரண்டாந்தரம் அப்பிடி ஆடமாட்டன். அதைவிட இறுகிப்போய் இருக்கலாம்."

"போன் அடிச்சது கேக்கேல்லையோ?"

"கேட்டது. எழும்ப ஏலாமல் போச்சு."

போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. காலையில் அதை அங்கே கொழுவியது நான்தான். அதை அவர் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

"சரி விடும். தேத்தண்ணி போடும்" என்றார்.

மறுநாள் பழைய மணிக்கூட்டைத் தேடி எடுத்து, புதிதுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். இரண்டுக்கும் வேறு வேறு மாதத்தில் பற்றறி மாற்றுவது என்று முடிவு. போனை ஒரு நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டேன். மாட்டுக்கு மணி கட்டியதுபோல இருக்கிறது என்று முதல்நாள் கழற்றி எறிந்தார். இரண்டாம் நாள் தானே தலையைக் குனிந்து கொடுத்தார். தம்பிக்கு இதுவரை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதக் கிளினிக்குக்குப் போனபோது, இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பஸ் தரிப்பிடத்திலிருந்து போன் எடுத்தேன். நான்காவது மணி, ஐந்தாவது மணி. பிறகு கரகரவென்று ஏதோ உரசும் சத்தம்.

"கையிலை எடுத்திட்டன், போடப்போறன்" என்றார். "நீர் சாப்பிட்டனீரோ?"

"ஓம்" என்றேன். சாப்பிடவில்லை. பஸ் வந்து நின்றது, அவர் குளிசையை விழுங்கும் சத்தம் கேட்கும்வரை அதில் ஏறாமல் தரிப்பிடத்திலேயே இருந்தேன்.