ஜாதவ்பூர் லேப்பில் நான் வெட்டிய படம்

போன ஆண்டு ஜாதவ்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு, சிறியாநங்கை இலை புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்று இதே வலைப்பூவில் எழுதினேன். நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது அதுதான். அந்தத் தலைக்கனத்தோடு இந்த ஜனவரியில் மறுபடி கிளம்பினேன். கார்டன் ரீச்சில் துறைமுக வேலையில் இருக்கும் ராமநாதன் என்ற வாசகரும் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

காலை 10.40க்கு ஹவுராவில் இறங்கினேன். ஜாதவ்பூர் 14 கிலோமீட்டர். டாக்சியில் ஒன்றேகால் மணி நேரம், 420 ரூபாய். செடியின் படத்தைக் காட்டியதும், நம்ம கால்மேகமா என்று ஓட்டுநர் முகத்தைச் சுளித்தார்; வங்காளத்தில் அதற்கு அந்தப் பெயர். சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்து அதன் சாற்றை வாயில் ஊற்றுவாராம்.

லேப்பில் ஆய்வு மாணவி மௌசுமி, சின்னச் சின்னக் குழிகள் உள்ள இரண்டு தட்டுகளைக் காட்டினார். சாயம் விட்டால் உயிருள்ள செல் ஊதாவாகும், செத்தது வெளிறிக் கிடக்கும். இலைச்சாறு விட்ட புற்றுநோய் செல்கள் வெளிறியிருந்தன. பக்கத்துத் தட்டில் இருந்தவை அதே சாறு விட்ட நல்ல செல்கள். அவையும் வெளிறியிருந்தன. போன தடவையும் இரண்டையும் காட்டினேனே என்றார். காட்டினார்தான். என் படத்திலும் இரண்டும் இருந்தன. பதிவு எடுப்பாக இருக்கட்டும் என்று இரண்டாவதை நான்தான் வெட்டினேன்.

அங்கிருந்து கார்டன் ரீச் போய்ச் சேர மாலை ஐந்து. ராமநாதனின் மனைவி கல்யாணி அக்கா லுச்சி என்கிற மைதா பூரியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தார். அவருக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, என் பதிவைப் படித்து அதைத் தள்ளிப்போட்டு, மூன்று மாதமாகச் சிறியாநங்கைக் கஷாயம் குடிக்கிறாராம். எனக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போனில் இருந்த முழுப் படத்தையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இதைப் பாத்துட்டுதான் அப்படி எழுதினீங்களா தம்பி?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

ராமநாதன் உள்ளே போய் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துவந்தார்.

லேப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நல்ல செல்லுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். தட்டில் நடப்பது உடம்பில் நடக்கும் என்று நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய பதிவை நீக்கிவிட்டேன்; வாட்ஸப்பில் சுற்றுவதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டி பெரிதாகியிருந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் அதட்டினார். பயமாக இருந்தது, அதனால்தான் வரவில்லை என்றார் அக்கா. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பதிவைப் படித்துத்தான் தள்ளிப்போட்டார் என்று நான் சொல்லவில்லை.