சிட்டுவுக்குச் செரிக்காத கொள்ளு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டில் இருந்தேன். அம்மா ராஜபாளையத்தில் கைக்குழந்தையோடு திண்டாடிக்கொண்டிருந்ததால் என்னைத் தன் தம்பியிடம் அனுப்பியிருந்தாள். மாமா ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டினார். செம்பழுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியுடன் ஒரு பெண் குதிரை, பெயர் சிட்டு. மாமாவும் அத்தையும் பிள்ளையில்லாதவர்கள் என்று ஊர் சொல்லும். சிட்டுவை அவர்கள் நடத்திய விதத்தைப் பார்த்த எனக்கு அது பொய்யாகவே பட்டது.

அந்த வருஷம் சிட்டு இளைக்கத் தொடங்கியது. விலா எலும்புகளை நான் தூரத்திலிருந்தே எண்ணிவிடுவேன். தீனியில் குறையொன்றும் இல்லை. ஊறவைத்த கொள்ளு, தவிடு, புல்லுக்கட்டு எல்லாம் வேளை தவறாமல் வைத்தார்கள். மாமா கொள்ளை ஒரு படியிலிருந்து ஒன்றரையாக்கினார். சிட்டு அதையும் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் இளைத்தது. ரயிலடியில் உடன் வண்டி ஓட்டும் ஒருவர், எல்லோரும் கேட்கும்படியே சொன்னாராம்:

“ஏலே, குதிரைக்கு வைக்கிறத நீ தின்னுட்டு, அதுக்குப் பாட்டு பாடிக் காட்டுதியா?”

மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. வயசான குதிரை, இனித் தேறாது, கழித்துவிட்ட மாடு குதிரைகளைப் பிடித்துப் போகிற யாவாரியிடம் தள்ளிவிடு என்று இன்னொருவர் யோசனை சொல்லியிருந்தார். அந்த யாவாரி சந்தைக்கு வரும் நாள்கூடக் குறித்தாயிற்று என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

இதற்கிடையில் எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஐப்பசி மழை பெய்த பிறகு, கொல்லையில் சாணிக் குப்பையின் மேல் பச்சைப் பசேலென்று செடிகள் முளைத்திருந்தன. யாரும் விதைக்கவில்லை. அதனால் அது என் தோட்டம் என்று முடிவு செய்துகொண்டேன். சுற்றிலும் கல் அடுக்கினேன். பெய்த மழை போதாதென்று நானும் தண்ணீர் ஊற்றினேன். அத்தை பார்த்தால் பிடுங்கி எறிந்துவிடுவாள் என்று நான்கைந்து நாள் மூச்சு விடவில்லை. கடைசியில் பெருமை தாங்காமல் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன்.

மாமா தோட்டத்தைப் புகழவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். அது கொள்ளுச் செடி. பிறகு கொட்டடிக்குள் போய், சிட்டு அப்போதுதான் போட்டிருந்த சாணி உருண்டை ஒன்றைக் கையாலேயே பிளந்தார். உள்ளே கொள்ளு முழுசு முழுசாகக் கிடந்தது. ஊறி உப்பியிருந்ததே தவிர ஒரு மணிகூட நசுங்கவில்லை.

“ஏட்டி, இங்க வா” என்று அத்தையைக் கூப்பிட்டார். “நாம போட்ட தீனி அம்புட்டும் இந்தா கெடக்கு.”

மறுநாளே ராஜபாளையத்திலிருந்து மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். அவர் சிட்டுவின் நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையை முழங்கை வரைக்கும் வாய்க்குள் விட்டுத் தடவினார். கடைவாய்ப் பற்கள் ஒரு பக்கம் தேய்ந்து, ஒரு பக்கம் கத்தி போலக் கூர்மையாகிவிட்டிருந்தன. மெல்லும்போதெல்லாம் கன்னத்தைக் கிழித்ததால் அது மெல்லாமலே விழுங்கியிருக்கிறது.

“மாடுன்னா தின்னதத் திரும்ப வாய்க்குக் கொண்டாந்து அசை போட்டுக்கிடும். குதிரைக்கு அந்த வசதி கெடையாது. மொதத் தடவை மென்னா மென்னதுதான்” என்றார் டாக்டர்.

நீளமான அரத்தால் பற்களை ராவினார். மாமா சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வலி தனக்குத்தான் என்பது போல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இனிமேல் கொள்ளை உடைத்து ஊறவைக்க வேண்டும், அளவைக் கூட்டுவதில் பயனில்லை, பசும்புல் நிறைய வேண்டும், எந்தத் தீனியையும் ஒரே நாளில் மாற்றிவிடக் கூடாது, குதிரைக் குடல் பழக நாளாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சந்தை நாள் வந்தது, யாவாரியும் வந்திருப்பான். மாமா அந்தப் பக்கமே போகவில்லை.

அத்தை தினமும் திருகையில் கொள்ளை உடைத்தாள். தை பிறப்பதற்குள் சிட்டுவின் விலா மறைந்தது. பங்குனியில் அதன் முதுகு எண்ணெய் தேய்த்தது போல் மின்னியது. என் தோட்டத்தால்தான் இத்தனையும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சித்திரையில் மாமா சிட்டுவை விற்றுவிட்டார்.

வ. புதுப்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் வாங்கினார். அத்தைக்கு மூச்சிளைப்பு வந்துவிட்டது, குதிரை முடியும் புல்லுத் தூசியும் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், மாமா மில்லில் வேலைக்குப் போகப்போகிறார் என்று எனக்கு விளக்கினார்கள். நான் ஒன்றையும் நம்பவில்லை. கொழுக்கவைத்து விற்கத்தான் இத்தனை பாடும் என்று தீர்மானித்துவிட்டேன்.

வாங்கியவர் ஆள் அனுப்புகிறேன் என்றாராம். மாமா கேட்கவில்லை. ஒரு மூட்டை உடைத்த கொள்ளையும் எங்கள் வீட்டுத் தவிட்டையும் ஏற்றிக்கொண்டு தானே சிட்டுவை ஓட்டிப்போனார். அன்று சாயங்காலம் வந்துவிடுவார் என்று பார்த்தால் ஒன்பது நாள் வரவில்லை. மாம்பழக் காலம். மனுஷர் தோப்பில் உட்கார்ந்து வெளுத்துக் கட்டுகிறார் என்று நான் உள்ளுக்குள் கருவினேன்.

திரும்பி வந்தபோது எனக்கென்று ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்தார். நான் தொடவில்லை. சட்டையைக் கழற்றினார். முதுகெல்லாம் கொசு கடித்துத் தடித்திருந்தது.

“அவிய வீட்டுல கட்டில் போட்டுத் தரலையா?” என்றாள் அத்தை.

“தந்தாவ. தொழுவத்துலதான் நல்ல காத்து” என்றார் மாமா. “சிட்டு இப்ப அவிய தீனியவே மிச்சம் வைக்காமத் திங்குது. சாணியும் சுத்தமா இருக்கு.”

அத்தை தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவர் முதுகில் தடவினாள். அவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். விற்றுவிட்ட குதிரையின் சாணியை ஒரு மனிதர் ஒன்பது நாள் எதற்காகப் பிளந்து பார்த்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.