பொட்டு வைத்த தட்டு

மத்தியானம் மூன்றரை மணிக்குச் சேதி வந்தது. அண்ணன் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். போன் தங்கச்சி வேலை செய்யும் இடத்திலிருந்து. உட்கார்ந்து வேலை பார்த்தபடியே சாய்ந்துவிட்டாளாம், ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லையாம். "சரிங்க, சரிங்க" என்றார், ஏதோ சவாரிக்கு ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. கடைசிப் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் வேனை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

பீங்கான் கோப்பை செய்யும் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறவள் அவள். ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் தட்டிக் காதருகே பிடித்துக் கேட்பாள். அதனால் அங்கே அவளுக்கு 'டிங்கு' என்று பேர். பக்கத்தில் மூன்று பெட்டிகள் இருக்கும். விரிசல் விட்டது 'தள்ளு' பெட்டிக்குப் போகும். அதற்கு மறுபேச்சு கிடையாது, உடைத்துவிடுவார்கள். சின்னப் புள்ளியோ லேசான கோணலோ இருந்தால் 'ஒதுக்கு'. யாராவது இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கும்வரை ஓரமாகக் கிடக்கும். ஒரு குறையும் இல்லாதது 'தனி'. அதை மட்டும் துணியில் சுற்றி வைப்பாள்.

கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். பல வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் காசநோய் வந்தது. மருந்து ஒழுங்காகப் போகட்டும், கொஞ்ச நாள் கவனமாக இருங்கள் என்று மட்டும்தான் டாக்டர் சொன்னார். வீட்டில் அதற்கும் மேலே போனார்கள். மற்ற தட்டுகளோடு கலந்துவிடக் கூடாதென்று, அண்ணனே நகப்பூச்சு எடுத்து ஒரு தட்டின் அடியில் சிவப்பாகப் பொட்டு வைத்தார். அவள் சாப்பிட ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டார்.

நோய் சுத்தமாகக் குணமாயிற்று. அன்றைக்கு அண்ணி இனிப்பு வாங்கி வந்தாள். அதையும் பொட்டுத் தட்டில்தான் வைத்துக் கொடுத்தாள். கை பழகிவிட்டது, வேறொன்றுமில்லை. அவளாகவே மேசைக்கு வருவாள் என்று இவர்கள் இருந்தார்கள். யாராவது கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாளோ என்னவோ. முக்காலி அங்கேயே இருந்தது.

ஒருநாள் அவள் அந்தத் தட்டை நகத்தால் தட்டிவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, இது எந்தப் பெட்டி? தள்ளா, ஒதுக்கா, தனியா?"

"போடி, சோத்துக்கு முன்னாடியும் உனக்குப் பெட்டிதானா?" என்று சிரித்து மழுப்பினார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "அவளுக்குத் தனியாச் சாப்பிட்டாத்தான் இறங்கும்."

எல்லாம் முடிந்த மறுநாள், அவளோடு வேலை பார்த்த பெண்கள் வந்தார்கள். அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொட்டு வச்ச தட்டு இருக்கா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்ற அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தினம் அதே பெருமைதாண்ணே அவளுக்கு. எங்கண்ணன் எனக்குன்னு தனித் தட்டு வச்சிருக்காரு, அவரே பொட்டு வச்சாரு, வேற யாரையும் தொட விட மாட்டாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. ஆமாடி மகாராணி, எங்க வீட்டுல எனக்குக் கழுவின தட்டே மிஞ்சாதுன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

"அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தார்.

"குடுத்து வச்சவண்ணே அவ" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். வாழ்நாளில் எத்தனையோ பொய் சொன்ன மனுஷன்தான். ஒரு தலையாட்டலுக்கு இப்படி உடம்பு கூசும் என்று அவருக்குத் தெரியாது. தான் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு அவளே பதில் வைத்துக்கொண்டிருக்கிறாள். வெளியே யாரும் அண்ணன் வீட்டைக் குறைவாகப் பேசிவிடக் கூடாது என்று, தன்னைத் தானே துணியில் சுற்றி மூன்றாவது பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நாங்க சாப்பிடற மேசையில அவ இடத்துல வைக்கலாம்னு ஆசை. குடுப்பீங்களா?"

"நாளைக்கு நானே கொண்டுவந்து தர்றேம்மா."

அன்று சாயங்காலமே தட்டைக் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி வேன் சீட்டுக்கு அடியில் வைத்தார். தினமும் காலையும் மாலையும் வேன் அந்தத் தொழிற்சாலை வாசல் வழியாகத்தான் போகிறது. தட்டு இன்னும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.