நிச்சயமாக நம்புகிறேன்

வக்கீல் ஆபீஸில் எல்லாரும் அவரை ‘டைப்பிஸ்ட் அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊரார் சத்தியத்தையெல்லாம் பத்திரமாக அடித்துக் கொடுத்தவர். ‘நிச்சயமாக நம்புகிறேன்’ என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். உள்ளுக்குள் சிரிப்பும் வரும். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதற்கு யாராவது ‘நிச்சயமாக’ போடுகிறார்களா என்ன? சந்தேகம் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் அந்த வார்த்தை வந்து உட்காரும்.

அன்று அடிக்க வேண்டியிருந்தது அவருடைய சொந்தச் சத்தியப் பத்திரம். காலையில் பஸ் பிடிக்கப் போன கணவர் திரும்பி வராமல் ஒன்பது வருடம். போலீஸ், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு என்று தேடாத இடம் பாக்கியில்லை. வீடு கணவர் பெயரில் இருக்கிறது. அதை விற்றால்தான் வெளியூரில் இருக்கும் மகளோடு போய் இருக்க முடியும். இல்லாவிட்டால் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக்கொண்டு தனியாகக் காலம் தள்ள வேண்டியதுதான். பேச ஆளில்லாத வீட்டில், தான் இருமினால் தனக்கே தூக்கிவாரிப் போடுகிறது அவருக்கு.

‘என் கணவர் இல்லை’ என்று அடித்து நீட்டினார்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “இல்லைன்னா வெளியில போயிருக்கார்னும் அர்த்தமாகுமேம்மா. ‘உயிருடன் இல்லை என்று நிச்சயமாக நம்புகிறேன்’னு போடுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் சார். கைதான் வரல.”

நிச்சயம் என்று அவர் வாழ்க்கையில் நடந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி முடித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நடந்த எதற்கும் அந்தப் பெயரை வைக்க முடியவில்லை.

மகள் போனில் கேட்டாள். “அப்பா வருவார்னு இன்னும் நினைக்கிறியாம்மா?”

“வருவார்னு இல்லடி. வர மாட்டார்னு சொல்றதுக்கு நான் யாருன்னு இருக்கு.”

மகள் அழுகிறாள் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டு, வக்கீல் சொன்னபடியே அடித்தார்.

சத்தியம் வாங்கும் அதிகாரியின் அறை அதே மாடியில் எதிரிலேயே இருந்தது. அவர் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார். “இதுல இருக்கறதெல்லாம் உண்மைதானே?”

அது பொய் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒரே ஒருவர். டைப்பிஸ்ட் அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

“ஆமா” என்றார்.