மிச்சம் வைக்காத பிள்ளை

நெடுந்தீவில் ஒரு வீட்டுக்குப் போனால் முன்னால் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தால் சமைத்தவளைக் குறை சொன்னதாகிவிடும். வைத்தது முடிந்தால் வீட்டுக்காரி இன்னும் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கை இறுகிய கசவாரம் என்று ஊர் அவளை ஏசும். இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றப்படும், வயிறு மட்டும் படாத பாடு படும். இந்தச் சட்டத்தைப் பதினொரு வயதில் நான் கரைத்துக் குடித்திருந்தேன்.

அந்த ஞானத்தோடுதான் ஆறாம் வகுப்புக்கு என்னை யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். கொக்குவிலில் சின்னம்மா வீட்டில் தங்கினேன். சின்னம்மா நல்லவர், ஆனால் இரண்டு சின்னக் குழந்தைகளோடு அவருக்கு மூச்சுவிடவே நேரமில்லை, என்னோடு கதைக்க எங்கே நேரம்? பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தால், "கடல் தாண்டி வந்தவள் கதைக்கிறாள், கேளுங்கோடி" என்று சிரிப்பார்கள். அதனால் திறப்பதை விட்டுவிட்டேன். இடைவேளை முழுவதும் கிணற்றடியில் தண்ணீர் குடிப்பதுபோல நிற்பேன். ஒருத்தி எவ்வளவு தண்ணீரைத்தான் குடிப்பது?

அப்படியிருக்க, ஒருநாள் முன்வாங்கில் இருக்கும் மூன்று பேரில் ஒருத்தி திரும்பினாள். "சனிக்கிழமை என்ர அக்கா எங்களை ஆஸ்பத்திரி வீதிக்கு ஐஸ்கிறீம் குடிக்கக் கூட்டிக்கொண்டு போறா. நீயும் வாறியோ?"

ஐஸ்கிறீமை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், என்னையும் ஒருத்தி கூப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோசத்தில் ஐஸ்கிறீமை மறந்தே போனேன்.

சனிக்கிழமை சின்னம்மா வீட்டுப் படலைக்கே வந்து கூட்டிப்போனார்கள். கோயிலுக்குப் போடும் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கூல்பாரில் ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்தோம். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பரிமாறுகிறவர் தானாகவே ஒரு தட்டம் நிறைய றோல்ஸ், பற்றிஸ், கேக் என்று குவித்துக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கேட்காமலே வைக்கிறாரே, எங்களூர்க் குணம் உள்ள மனிதர் என்று எனக்கு மனம் குளிர்ந்தது.

மற்றவர்கள் ஆளுக்கொரு றோல்ஸ் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். தட்டத்தில் அரைவாசிக்குமேல் அப்படியே கிடந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பட்டணத்துப் பிள்ளைகள் பாவம், ஒரு பழக்கவழக்கமும் தெரியாமல் வளர்ந்துவிட்டார்கள். அந்த மனிதர் என்ன நினைப்பார்? கூட்டிவந்த அக்காவின் மானத்தையாவது நான் காப்பாற்ற வேண்டாமா?

தின்னத் தொடங்கினேன். றோல்ஸ் முடிந்தது. பற்றிஸ் முடிந்தது. கேக் தொண்டையில் அடைத்தது. தண்ணீர் குடித்து இறக்கினேன். எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். என்னை மெச்சுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். வெறுந்தட்டத்தைக் கண்ட மனிதர், எங்களூர் வீட்டுக்காரி மாதிரியே, இன்னொரு தட்டத்தை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஆனாலும் கையை நீட்டினேன்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை, காணும்! தின்றதுக்குத்தான் காசு. மிச்சத்தை அவர் எடுத்துக்கொண்டு போவார்."

"மிச்சம் வைச்சால் அவர் கோவிக்க மாட்டாரோ?" என்று கேட்டேன்.

ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஊரைவிட்டு வந்தபிறகு நாலு பேரோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அக்கா மட்டும் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐஸ்கிறீமை இன்னொரு நாளைக்குக் குடிப்பம், என்ன?" என்றார். உடனே சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. அவர்களுக்கும் என்னைப்போல வயிறு நிறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மஞ்சள் சட்டையோடு படலையடியில் நின்றேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் நின்றேன். "ஆரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று சின்னம்மா கேட்டார். "சிநேகிதப் பிள்ளையள் வருவினம்" என்றேன். வகுப்பில் முன்வாங்கில் மூன்று முதுகுகள்தான் தெரிந்தன. நானாகக் கேட்டால் அவசரப்படுத்துவதுபோல இருக்குமே என்று பேசாமல் இருந்தேன்.

விடுமுறைக்கு வள்ளம் ஏறி ஊருக்குப் போனதும், அம்மாவுக்கு இந்தக் கதையை நடித்தே காட்டினேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐஸ்கிறீம் குடிக்காமல் திரும்பி வந்ததைச் சொன்ன இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"பிறகு கூப்பிட்டவையோ?"

"இல்லையம்மா. இன்னொரு நாளைக்கெண்டு சொன்னவை. அதுக்குப் போட எனக்கொரு புதுச்சட்டை வேணும்."

அம்மா தீபாவளிக்கென்று அலுமாரியில் வைத்திருந்த நீலத்துணியை எடுத்து, அங்கேயே விரித்து வெட்டினார். தைக்கும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். கீழ்விளிம்பை நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்தார்.

"ஏனம்மா இவ்வளவு மடிப்பு?"

"கிடக்கட்டும் பிள்ளை. நீ வளர வளர அவிழ்த்துவிடலாம்" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

பள்ளிக்கூடம் தொடங்கி முதல் சனிக்கிழமையே போடப்போகிற சட்டைக்கு, வளர்வதற்கென்று ஏன் அவ்வளவு துணியை உள்ளே மடிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.