நூறு டன் பிரஸ்ஸும் இடியாப்ப அச்சும்

இன்று காலை எங்கள் வீட்டில் ரைஸ் நூடுல்ஸ்.

இடியாப்பம்தான். என் வீட்டுக்காரர் பார்த்த வீடியோவில் அதற்கு அப்படித்தான் பெயர்.

"நீ தள்ளு. கம்பெனில நூறு டன் பிரஸ்ஸே நான் ஓட்டிக்கினு இருக்கேன். இந்தத் தம்மாத்தூண்டு அச்சு என்னை இன்னா பண்ணிடும்?" என்றார்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவர் பிரஸ்ஸுக்கு இரும்பே வளைந்து கொடுக்கிறதாம். அரிசி மாவு எம்மாத்திரம்?

மாவில் பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தார். நான் பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். அச்சில் போட்டு அமுக்கினார். இறங்கவில்லை. தரையில் வைத்து, முட்டி போட்டு, மூச்சைப் பிடித்து அமுக்கினார். நாலு துண்டு உதிர்ந்தது.

"அச்சுக்கு மெயின்டெனன்ஸே இல்லடி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கம்பெனி பஸ் வர அரை மணிதான் இருந்தது. வேறு மாவெடுத்து, உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து, தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றிக் கிளறிப் பிழிந்தேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இட்லித் தட்டில் வைத்து அவித்தும் எடுத்துவிட்டேன்.

துண்டோடு வந்தவர் பார்த்தார்.

"பாத்தியா? நான் அமுக்கி லூஸ் பண்ணி குட்த்ததாலதான் உனுக்கு ஈஸியா வந்துச்சு."

படம் எடுத்து, 'நானே செய்த ரைஸ் நூடுல்ஸ்' என்று ஸ்டேட்டஸும் வைத்துவிட்டார். கம்பெனி நண்பர்கள் செய்முறை கேட்கிறார்கள். இவரும் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். கொதிக்கிற தண்ணீர் விஷயம் அவருக்கே இன்னும் தெரியாது.

நாளை ஞாயிறு. உங்கள் வீட்டில் யாராவது அச்சின் மேல் முட்டி போட்டால், தயவுசெய்து ஒரு போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள்.