ஜுலைகா சிஸ்டரும் கழுவுற தண்ணியும்

கடலூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜுலைகா சிஸ்டரின் மகள் போன் செய்தார். "டாக்டர், அம்மா காலையில மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களுக்கு மறக்காம சொல்லணும்னு போன வாரமே சொல்லி வெச்சிருந்தாங்க." அவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரியும். பார்க்கப் போக வேண்டும் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டே இருந்தேன், போகவில்லை. எதிரே மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கெளம்புங்க சார், நான் நாளைக்கு வரேன்" என்று தானாகவே எழுந்துகொண்டார்.

சிதம்பரத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் அவரைப் பொறுமைசாலி என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். சுத்தப் பொய். ஆபரேஷன் தியேட்டரில் அவரிடம் திட்டு வாங்காதவர் ஒருவர் இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன். இன்னொரு பொய்யும் அவரைப் பற்றி உங்களுக்குள் உலவுகிறது. அதைப் பரவவிட்டவன் நான்.

அங்கே எலும்பு டாக்டராகச் சேர்ந்த புதிதில் எனக்கு நுரைப் பைத்தியம். எலும்பு வெளியே தெரியும் காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் குபுகுபுவென்று பொங்கும். பார்க்கிற கண்ணுக்கு எல்லா அழுக்கும் வெளியேறுவது போலவே இருக்கும். ஒருநாள் சிஸ்டர் அந்தப் பாட்டிலை என் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்துவிட்டார். "கிருமி சாவுறது சரி சார். கூடவே நல்ல சதையும் செத்துச்சின்னா எலும்ப எத வெச்சு மூடுவீங்க?" என்று கேட்டார். ஆழமான குழியில் ஊற்றினால் அந்த வாயு ரத்தத்தில் ஏறி ஆளையே கொல்லலாம் என்று நான் பரீட்சைக்குப் படித்திருந்தேன். படித்ததோடு சரி.

அவருடைய முறை ரொம்ப எளிது. மண்ணும் செத்த சதையும் போகும்வரை சலைன் பாட்டில் மாற்றி பாட்டில், நிதானமாக. உள்ளே தகடு வைக்கும் கேஸ்களில் கடைசியாக அயோடின் மருந்து கேட்பேன். அதையும் சிரிஞ்சில் அளந்து நீர்க்கக் கலந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் விட்டு, திரும்பவும் சலைனால் அலசிய பிறகுதான் தையல் போட விடுவார். நான் அவசரத்தில் குத்துமதிப்பாக ஊற்றினால் பொறுக்க மாட்டார். "காபிக்கு டிகாஷன் ஊத்துறீங்களா சார்? தண்ணி ஜாஸ்தி, மருந்து கம்மி, அதுவும் அளந்து." எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் நின்ற கேஸ்களில் சீழ் வைத்துத் திரும்பி வந்தவர்கள் குறைவு என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

இனி அந்த நாள். வாரத்தில் பாதி நாள் கடலூர், பாதி நாள் சிதம்பரம் என்று நான் ஓடிக்கொண்டிருந்த காலம். கடலூர் தியேட்டரில் காயத்துக்குள் ஊற்றும் சலைனுக்கு 'கழுவுற தண்ணி' என்று பெயர். சிதம்பரத்தில் சலைனை என்.எஸ். என்பார்கள். அங்கே 'கழுவுற தண்ணி' என்றால், ஆபரேஷனுக்கு முன்னால் காலின் மேல்தோலைக் கழுவக் கிண்ணத்தில் கலந்து வைக்கும் குளோர்ஹெக்சிடின். தோலுக்கு அது நல்ல மருந்து. மூட்டுக்குள் போனால் குருத்தெலும்பையே அரித்துவிடும். இந்தப் பெயர்க் குழப்பம் எனக்கு நன்றாகவே தெரியும். சிரித்துக்கூட இருக்கிறேன்.

பண்ருட்டியில் பலாப்பழ லோடு ஏற்றுகிற ராஜவேலுவை அன்று கொண்டுவந்திருந்தார்கள். லாரியிலிருந்து விழுந்து முழங்கால் மூட்டு திறந்து கிடந்தது. காலையில் கடலூரில் இரண்டு ஆபரேஷன் முடித்துவிட்டு நேராக அங்கே போய் நின்றேன். "கழுவுற தண்ணி குடுங்க" என்றேன். "கழுவுற தண்ணியா சார்?" என்று சிஸ்டர் கேட்டார். "ஒரு தடவ சொன்னா காதுல விழாதா?" என்று எரிந்து விழுந்தேன். காயத்தைச் சுற்றித் தோலில் இன்னும் மண் ஒட்டியிருந்தது, அதைத்தான் கழுவப் போகிறேன் என்று நினைத்துக் கிண்ணத்தைக் கொடுத்தார். நான் வாங்கி அப்படியே மூட்டுக்குள் கவிழ்த்தேன்.

"சார்! அது வெளிய கழுவுறது!"

லேசான இளஞ்சிவப்புத் தண்ணீர். ரத்தத்துக்கு நடுவே நிறமே தெரியவில்லை. என் கை அப்படியே நின்றுவிட்டது. சிஸ்டர்தான் சலைன் பாட்டில்களை உடைத்து உடைத்து ஊற்றினார். போதும் என்று நான் சொன்னபோது, "நிறுத்தச் சொல்லாதீங்க சார்" என்று தலை நிமிராமல் சொன்னார். காலைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் அந்த முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. விழுந்த அடியே அதற்குப் போதும் என்று சொல்லலாம், அந்தக் கிண்ணம்தான் காரணம் என்றும் சொல்லலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிர்வாகத்திலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டார்கள். "கலந்து வெச்சதும் எடுத்துக் குடுத்ததும் சிஸ்டர்தான்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அவர் திரும்பக் கேட்டதையும், நான் கத்தியதையும், ஊற்றிய கை என்னுடையது என்பதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சிஸ்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றார். மறுவாரமே அவரைத் தியேட்டரிலிருந்து எடுத்து, கட்டுப் போடும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். தியேட்டர் பக்கம் ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களிடம், "அங்க நின்னா கால் வலிக்குது" என்று சொல்லிவிடுவார்.

ஒரே ஒரு தடவை என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். ராஜவேலு கட்டு மாற்ற வந்துபோன ஒரு மத்தியானம், வராந்தாவில் என்னை நிறுத்தி, "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றார்.

"நேரம் பாத்து சொல்றேன் சிஸ்டர்."

"நான் சொன்னா உங்கள காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிட்டா அவருக்கும் நல்லது, உங்களுக்கும் தூக்கம் வரும்."

தன்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராஜவேலு வரும்போதெல்லாம் "அடி பலம்பா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அவரும் தலையாட்டிக்கொண்டு போவார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பரங்கிப்பேட்டையில் சிஸ்டரின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ராஜவேலு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே பேச ஆரம்பித்தார்.

"பண்ருட்டியிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன் சார். இந்தக் கால் இருக்குதுன்னா அவுங்களாலதான். சிஸ்டர் மருந்த மாத்திக் குடுத்துட்டாங்கன்னு வார்டுல அப்பவே பேசிக்கினாங்க. எனக்குத் தெரியும். நான் மனசுல வெச்சிக்கல. ஒருநாள் அவுங்ககிட்டயே சொல்லிட்டேன், 'தெரியாம நடந்துடுச்சி சிஸ்டர், நான் உங்கள மன்னிச்சிட்டேன், நீங்க வருத்தப்படாதீங்க'ன்னு."

"அதுக்கு அவுங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சார். அழுதாங்க. அப்புறம், இன்னொரு தடவ முட்டிய மடக்குங்க பாக்கலாம்னாங்க."

நான் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றியது நான், கத்தியது நான், வாயை மூடிக்கொண்டதும் நான். பள்ளிவாசலுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டரின் ஜனாஸாவைத் தூக்க ஆட்கள் உள்ளே போனார்கள். ராஜவேலு எழுந்து, சரியாக மடங்காத அந்தக் காலை ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவுங்க இருக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அப்புறம் மெதுவாக நடந்து, போகிறவர்களோடு சேர்ந்துகொண்டார்.

ஜுலைகா சிஸ்டர் தவறு செய்யவில்லை. இதை ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி அவர் பெயரோடு அந்தக் கிண்ணத்தைச் சேர்த்துப் பேசாதீர்கள். அவர் நினைவாக உங்களில் சிலர் அவர் போட்டோவை வைத்திருப்பீர்கள், சிலர் அவர் சொல்லிக்கொடுத்த வேலையை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது ஒரு மன்னிப்பு. நான் வாங்கியிருக்க வேண்டியது, எனக்காக அவர் தலைகுனிந்து அழுதுகொண்டே வாங்கியது. ராஜவேலு அதை எனக்குத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.